'வாட்டர்ஷெட் மொமென்ட்' என்றால் திருப்புமுனைதானா?

அச்சுப்பிழை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன் நான், பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் பற்றிய கட்டுரை ஒன்று கையில் இருக்கிறது. பள்ளிக்கூடங்களில் கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் பிரித்து வைப்பது செல்லாது என்று 1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதே, பிரவுன் வழக்கு, அந்தத் தீர்ப்பை ஆசிரியர் 'வாட்டர்ஷெட் மொமென்ட்' என்கிறார். அடுத்த பத்தியிலேயே மான்ட்கோமரி ஊரில் கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பை 'டர்னிங் பாயின்ட்' என்கிறார்.

நான் இரண்டுக்கும் 'திருப்புமுனை' என்று போட்டு அனுப்பிவிட்டேன். திருத்தம் பார்த்தவருக்கு ஒரே பக்கத்தில் இரண்டு திருப்புமுனை வந்தது உறுத்தியிருக்கிறது. நேற்று ப்ரூஃப் வந்தது. முதலாவது மாறியிருக்கிறது. எப்படி என்றால், "அமெரிக்க வரலாற்றில் அது ஒரு நீர்ப்பிடிப்புத் தருணம்."

சிரித்து முடித்துவிட்டேன். இப்போது கேள்வி என்னுடையதாகிவிட்டது. 'வாட்டர்ஷெட்' என்று அவர் வேண்டுமென்றேதான் போட்டாரா, அல்லது ஒரே சொல் இரண்டு முறை வரக்கூடாது என்று மாற்றிப் போட்டாரா? வேண்டுமென்றே என்றால் தமிழில் என்ன சொல்வது?

கடைசி பெஞ்ச் எழுதியது:

"நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் கனமழை. பிரவுன் தீர்ப்புக்கு வினாடிக்கு இவ்வளவு கன அடி நீர்வரத்து." படிக்கிறவர்கள் மேட்டூர் அணைச் செய்தி என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள் அண்ணே.

கணக்கு வாத்தியார் எழுதியது:

இதில் குழம்ப என்ன இருக்கிறது? திருப்புமுனை போதும். ஆங்கிலக்காரர்களுக்கு ஒரே விஷயத்துக்குப் பத்துச் சொல். டர்னிங் பாயின்ட், வாட்டர்ஷெட், டிப்பிங் பாயின்ட், கேம் சேஞ்சர். எல்லாம் ஒரே குட்டையில் ஊறின மட்டைதான்.

என் வயிற்றெரிச்சல் வேறு ஒன்று. கம்பெனிக்காரர்கள் இப்போது எதற்கெடுத்தாலும் 'இன்ஃப்ளெக்ஷன் பாயின்ட்' என்கிறார்கள். கணக்கில் அதற்கு வளைவு மாற்றப் புள்ளி என்று பெயர். அந்த இடத்தில் கோடு திரும்பவே திரும்பாது. ஏறிக்கொண்டிருந்தால் ஏறிக்கொண்டேதான் இருக்கும், ஏறுகிற வேகம்தான் கூடிக்கொண்டு வந்தது குறைய ஆரம்பிக்கும். கொரோனா காலத்தில் தினசரி எண்ணிக்கை உச்சம் தொட்ட நாளை நினைத்துப் பாருங்கள். மொத்த எண்ணிக்கை அன்றைக்கும் ஏறியது, மறுநாளும் ஏறியது. அதுதான் இன்ஃப்ளெக்ஷன். "எங்கள் நிறுவனம் ஓர் இன்ஃப்ளெக்ஷன் பாயின்ட்டில் நிற்கிறது" என்று ஒருவர் மேடையில் பெருமையாகச் சொன்னபோது, 'இனிமேல் வளர்ச்சி மட்டுப்படப் போகிறது போல' என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பழைய அகராதி எழுதியது:

வாத்தியார் ஐயா, உங்கள் புள்ளிக்கு நீங்கள் இவ்வளவு துல்லியம் கேட்கிறீர்கள். வாட்டர்ஷெட்டுக்கும் கொஞ்சம் கொடுங்கள்.

'ஷெட்' என்றதும் மாட்டுக்கொட்டகை நினைவுக்கு வரும். அந்த ஷெட் வேறு, நிழல் என்ற சொல்லின் வழி வந்தது. கண்ணீர் சிந்துவதற்கும் இலை உதிர்வதற்கும் வருகிற ஷெட் ஒன்று இருக்கிறதே, அதற்குப் பழைய ஆங்கிலத்தில் பிரித்தல் என்று பொருள். ஜெர்மனில் இன்றும் 'ஷைடன்' என்றால் பிரித்தல், பிரிதல். அவர்கள் மொழியில் நீர் பிரியும் மலைமுகட்டுக்கு 'வாஸர்ஷைட' என்று பெயர். அதைப் பார்த்துத்தான் 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் வாட்டர்ஷெட் என்ற சொல்லை ஆக்கிக்கொண்டார்கள் என்பது பெரும்பாலோர் கருத்து. ஆக, முதலில் அது ஒரு கோட்டின் பெயர். ஒரு மழைத்துளி கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தால் ஒரு கடல், ஒரு சாண் தள்ளி அந்தப் பக்கம் விழுந்தால் வேறொரு கடல்.

அப்புறம் பொருள் நழுவியது. கோட்டைக் குறித்த சொல் கோட்டுக்குள் அடங்கிய நிலப்பரப்பு முழுவதையும் குறிக்க ஆரம்பித்தது. அமெரிக்காவில் இன்று அந்தப் பொருள்தான் அதிகம். நம் அரசுத் திட்டங்களில் வரும் 'நீர்வடிப்பகுதி'யும் அதுதான். உங்கள் திருத்தக்காரர் அந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டு போய் நீர்ப்பிடிப்பில் விழுந்திருக்கிறார். ஆனால் 'வாட்டர்ஷெட் மொமென்ட்' என்னும்போது மட்டும் அமெரிக்கர்களும் பழைய கோட்டைத்தான் சொல்கிறார்கள்.

இன்னொன்று. ஸ்காட்லாந்துப் பக்கமும் வட இங்கிலாந்திலும் தலைமுடியை இரண்டாகப் பிரித்துச் சீவும் கோட்டுக்கும் 'ஷெட்' என்றுதான் பெயர். நம்மிடம் அதற்கு வகிடு இருக்கிறது. வகிர்தல் என்றால் பிளத்தல், கீறுதல். பள்ளிப் புவியியலில் 'நீர்பிரி மேடு' என்று படித்ததாக நினைவு. எனக்கு என்னவோ 'நீர்வகிடு' என்று சொல்லிப் பார்க்கத் தோன்றுகிறது.

நூல்கண்டு எழுதியது:

அகராதி ஐயாவுக்கு ஒரு கொசுறு. எங்கள் வீட்டில் தாத்தா காலம் வரை தறி ஓடியது. மிதியை மிதித்தால் பாவு நூல் பாதி மேலே போகும், பாதி கீழே வரும். நடுவில் திறக்கிற வாய் வழியாகத்தான் நாடா ஓடும். ஜவுளி டிப்ளமோ படிக்கும்போது ஆங்கிலப் பாடத்தில் அந்த இடைவெளிக்கு 'ஷெட்' என்று போட்டிருந்தது. கொட்டகைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று மூன்று வருஷம் மண்டையைக் குடைந்தது. இன்றைக்குத்தான் தெரிகிறது, நூலுக்கும் வகிடு எடுத்திருக்கிறார்கள்.

அச்சுப்பிழை எழுதியது:

நீர்வகிடு! காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் வகிடு என்றால் என் அம்மா சீப்பின் முனையால் தலையில் இழுத்த கோடுதான் நினைவுக்கு வருகிறது. கோணல் வகிடு எடுத்தால் கட்டை விரலால் கலைத்துவிட்டு மறுபடி இழுப்பார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதில் உட்காருமா?

ஒருவர் தனிமடலில் 'யுகசந்தி' என்று அனுப்பியிருக்கிறார்.

பழைய அகராதி எழுதியது:

யுகசந்தி நல்ல சொல்தான். ஆனால் சந்தி என்றால் கூடுகிற இடம். இங்கே சொல்ல வந்தது பிரிகிற இடத்தை.

பொள்ளாச்சிக்காரன் எழுதியது:

ரொம்ப நாள் கழித்து எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று இங்கே பேசப்படுகிறது.

நீர்பிரி மேடு என்றதும் எல்லோரும் பெரிய மலை உச்சியைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். தலைக்காவிரி அப்படித்தான், ஒப்புக்கொள்கிறேன். குடகு மலையில் அங்கிருந்து அரபிக்கடல் பக்கம்தான். ஆனால் காவிரி அதற்கு முதுகைக் காட்டிவிட்டு 800 கிலோமீட்டர் நடந்து பூம்புகாரில் கடலைச் சேருகிறது. கோதாவரி இன்னும் அதிகம். அரபிக்கடலிலிருந்து 80 கிலோமீட்டரில் திரியம்பகத்தில் பிறந்து, 1,465 கிலோமீட்டர் கிழக்கே ஓடுகிறது.

எங்கள் ஊர்க் கதை வேறு. ஆழியாறு ஆனைமலையில் இறங்கி, மேற்கே திரும்பிப் பாரதப்புழையில் கலந்து, பொன்னானியில் அரபிக்கடலுக்குப் போகிறது. பொள்ளாச்சியிலிருந்து பேருந்து ஏறி உடுமலைப்பேட்டை போனால், அந்தப் பக்கத்துத் தண்ணீர் அமராவதிக்குப் போகிறது, அமராவதி கரூர்ப் பக்கம் காவிரியில் கலக்கிறது, காவிரி வங்கக்கடலுக்கு. வடக்கே கோவைக்குப் போனாலும் அப்படித்தான், நொய்யல் கிழக்கே ஓடிக் காவிரியைச் சேருகிறது. பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் இந்தியாவின் தண்ணீர் இரண்டாகப் பிரிகிறது. எத்தனையோ தடவை அந்தச் சாலையில் போயிருக்கிறேன். தென்னந்தோப்பு, தேங்காய் நார் காய்கிற களம், பேக்கரி, மறுபடியும் தென்னந்தோப்பு. எந்த இடத்தில் தாண்டினேன் என்று எனக்குத் தெரியாது. ஏற்றம் கூடத் தெரியாது. பாலக்காட்டுக் கணவாய் அப்படி. மலைத்தொடரே அங்கே படுத்துவிடுகிறது.

அதனால்தான் சொல்கிறேன், திருப்புமுனையும் இதுவும் ஒன்றல்ல. திருப்பத்தில் வண்டி திரும்பும்போது உடம்பு ஒரு பக்கம் சாயும், திரும்புகிறோம் என்று தூங்குகிறவனுக்கும் தெரியும். நீர்வகிட்டைத் தாண்டினவனுக்கு எதுவும் தெரியாது. ரொம்ப தூரம் போய், ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்த பிறகுதான் 'அட, அங்கேயே தாண்டியாச்சா' என்று தோன்றும்.

நுவரெலியா எழுதியது:

எங்கள் மலையகத்தில் இதை மேலே நின்றே பார்க்கலாம். ஹோர்ட்டன் சமவெளி என்று பெயர்தான் சமவெளி, இருப்பதோ 2,000 மீட்டருக்கு மேலே. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் அங்கிருந்து நீர் போகிறது. களனி மேற்கே கொழும்பில் கடலைச் சேருகிறது. வளவை தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கம். மகாவலி முழு நாட்டையும் சுற்றிக்கொண்டு திருகோணமலைக்கு, கொட்டியாரக் குடாவுக்கு. நாங்கள் பாடசாலையில் சுற்றுலா போனபோது, ஓர் ஆசிரியர் தண்ணீர்ப் போத்தலைப் புல்லில் சரித்து ஊற்றி, "இதில் பாதி கொழும்புக்கு, பாதி திருகோணமலைக்கு" என்றார். அது சரியாக அந்தக் கோட்டில்தான் நின்று ஊற்றினாரா என்பது சந்தேகம். ஆனால் நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

எங்களிடம் 'நீரேந்து பகுதி' என்பார்கள், அது பரப்புக்குத்தான். கோட்டுக்கு வழக்கில் சொல் கேட்டதில்லை. நீர்வகிடு பிடித்திருக்கிறது.

மைதானத்து மூலை எழுதியது:

பொள்ளாச்சி சொன்னதைக் கிரிக்கெட்டில் வைத்துப் பார்க்கலாம். 1983 ஜூன் 25, லார்ட்ஸ், உலகக் கோப்பை இறுதியாட்டம். நாம் 183-க்கு ஆல் அவுட். ரிச்சர்ட்ஸ் 28 பந்தில் 33 அடித்துக் கிழித்துக்கொண்டிருக்கிறார். மதன்லால் போட்ட பந்தைத் தூக்கி அடிக்கிறார், கபில்தேவ் பின்னாலேயே ஓடிப்போய்த் தலைக்கு மேல் வந்த பந்தைப் பிடிக்கிறார். 57-க்கு மூன்று. வெஸ்ட் இண்டீஸ் 140-இல் சுருண்டது. அந்த கேட்ச்தான் ஆட்டத்தின் திருப்புமுனை. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அன்றைக்கே சொன்னார்கள்.

ஆனால் அந்தக் கோப்பை? அன்றைக்குப் பார்த்தால் அது ஒரு வெற்றி, அவ்வளவுதான். முதல் மூன்று உலகக் கோப்பையும் இங்கிலாந்தில்தான் நடந்தது. நாலாவது 1987-இல் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் வந்தது. அதற்குப் பிறகு இந்த விளையாட்டின் பணமும் அதிகாரமும் எந்தப் பக்கம் ஓடியது என்று எல்லோருக்கும் தெரியும். திரும்பிப் பார்த்தால் 83 ஒரு வாட்டர்ஷெட். கேட்சை அப்படிச் சொல்ல முடியாது, கோப்பையை வெறும் திருப்புமுனை என்றாலும் கொஞ்சம் குறைகிறது.

(கபிலின் 175-ஐப் பற்றி யாரும் ஆரம்பிக்காதீர்கள். டன்பிரிட்ஜ் வெல்ஸில் 17-க்கு 5 என்று கிடந்த ஆட்டம், அதற்குப் படக்காட்சியே இல்லை. ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன்.)

ஆபீஸ் அடிமை எழுதியது:

எங்கள் மேனேஜரிடம் இந்த இழையை அனுப்பட்டுமா? போன வாரம் காபி மெஷினை மாற்றியதற்கு 'கேம் சேஞ்சர்' என்று எல்லோருக்கும் மெயில் வந்தது. காபி அதே கசப்புதான்.

கடைசி பெஞ்ச் எழுதியது:

அப்படியானால் 'ரூபிக்கானைத் தாண்டுவது' இதற்கு நேர் எதிர் இல்லையா? கி.மு. 49-இல் சீசர் ஒரே ஒரு படையணியோடு அந்த ஆற்றங்கரையில் நிற்கிறார். ஆளுநராக இருக்கிறவர் படையோடு இத்தாலிக்குள் காலை வைத்தால் அது தேசத்துரோகம். ஆறு என்னவோ சின்ன ஆறு. அசல் ரூபிக்கான் எது என்பதிலேயே பின்னாளில் ஊர் ஊராகச் சண்டை. 1933-இல் முசோலினி காலத்தில்தான் ஒன்றைப் பிடித்து இதுதான் என்று பெயர் மாற்றினார்கள். ஆனால் தாண்டினவருக்கு, தாண்டினால் திரும்ப முடியாது என்று நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் தாண்டினார். பொள்ளாச்சி அண்ணன் பேருந்தில் தூங்கிக்கொண்டே தாண்டுகிறார்.

பொள்ளாச்சிக்காரன் எழுதியது:

தூங்கினேன் என்று நான் சொல்லவே இல்லை.

தேனித் தண்ணீர் எழுதியது:

எல்லோரும் நீர்வகிடு என்றால் ஆண்டவன் போட்ட கோடு மாதிரிப் பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் அதைக் குடைந்துவிட்டோம்.

பெரியாறு மேற்கே ஓடுகிற ஆறு, அரபிக்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர். பென்னிகுக் அதற்கு அணை கட்டி, மலைமுகட்டுக்கு அடியில் சுரங்கம் போட்டு, தண்ணீரைக் கிழக்கே வைகைப் பக்கம் இறக்கினார். 1895 அக்டோபரில் திறந்தார்கள். தேனியிலிருந்து ராமநாதபுரம் வரை அந்தத் தண்ணீர்தான். எங்கள் பக்கம் பொங்கலுக்கு அவர் படத்துக்கு முன்னால் பானை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைக்கு அவர் பெயர் வைத்தவர்களும் உண்டு. ஆகவே 'வாட்டர்ஷெட், இனி மாறவே மாறாது' என்று மட்டும் மொழிபெயர்த்துவிடாதீர்கள். உளியும் வெடிமருந்தும் இருந்தால் மாறும்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

சரி, திருப்புமுனையும் இதுவும் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். குட்டையை வாபஸ் வாங்கிக்கொண்டேன். ஆனால் அச்சுப்பிழையிடம் ஒரு கேள்வி. பிரவுன் தீர்ப்பு வந்து மறுநாள் என்ன மாறியது? தெற்கத்திய மாநிலங்களில் வருஷக்கணக்கில் ஒன்றுமே மாறவில்லை என்று படித்திருக்கிறேன். மாறாத ஒன்றை எப்படி வகிடு என்பது?

அச்சுப்பிழை எழுதியது:

இந்தக் கேள்விக்காகவே கட்டுரையை மறுபடி முழுதாகப் படித்தேன் ஐயா.

நீங்கள் சொல்வது உண்மை. 1896-இல் பிளெஸ்ஸி வழக்கில் அதே உச்ச நீதிமன்றம்தான் 'தனித்தனியாக வைத்தாலும் சமமாக இருந்தால் போதும்' என்ற கொள்கைக்கு முத்திரை குத்தியது. 58 வருஷம் அந்தச் சட்டத்தின் கீழே தலைமுறைகள் வளர்ந்தன. 1954-இல் தலைமை நீதிபதி வாரன் தீர்ப்பை வாசித்தார், ஒன்பது பேரும் ஒரே குரல். ஆனால் எப்போது அமல்படுத்த வேண்டும் என்று அதில் இல்லை. மறு வருஷம் வந்த இரண்டாவது உத்தரவில் ஆற அமரவா, வேகமாகவா என்று புரியாத மாதிரி ஒரு வாசகம். அதைப் பிடித்துக்கொண்டு பல மாநிலங்கள் இழுத்தடித்தன. 1957-இல் லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் பள்ளிக்குள் போக ஜனாதிபதி ஐசன்ஹோவர் ராணுவத்தையே அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் மாநில ஆளுநர், அதே பிள்ளைகளை உள்ளே விடாமல் தடுக்கக் காவல் படையை நிறுத்தியிருந்தார்.

பொள்ளாச்சி நண்பரின் சாலை இங்கேதான் எனக்கு உதவியது. தாண்டின இடத்தில் தரை மட்டமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு விழுந்த துளி வேறு பக்கம் ஓடியது. 54-க்கு முன்னால் ஒருவர் வழக்குப் போட்டால் சட்டம் பிரிவினையின் பக்கம் நின்றது. அதற்குப் பிறகு போட்டவருக்குச் சட்டம் தன் பக்கம். லிட்டில் ராக் பிள்ளைகள் உள்ளே போனது அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான்.

மான்ட்கோமரி அப்படியில்லை. 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஊரின் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறவில்லை. 381 நாள். மழையிலும் நடந்தார்கள், கார் வைத்திருந்தவர்கள் முறை போட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். 26 வயது மார்ட்டின் லூதர் கிங் அங்கேதான் தலைவரானார். அதுவரை நீதிமன்றப் படிக்கட்டில் நடந்த போராட்டம் தெருவுக்குத் திரும்பியது. ஒரே ஆறு, வளைந்து வேறு பக்கம் போகிறது. திரும்பினது நடந்தவர்களின் காலுக்கே தெரிந்தது. அது திருப்புமுனைதான்.

ஆக, ஆசிரியர் தெரிந்துதான் இரண்டு சொல் போட்டிருக்கிறார். நான்தான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன்.

லண்டன் குளிர் எழுதியது:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். இங்கே பிரிட்டனில் 'வாட்டர்ஷெட்' என்று வெறுமனே சொன்னால் முதலில் டிவிதான். இரவு 9 மணி. அதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு ஒவ்வாத காட்சி, கெட்ட வார்த்தை எதுவும் வரக்கூடாது. காலை 5.30 வரை அந்தச் சலுகை நேரம். என் பெரியவன் சின்ன வயதில் "வாட்டர்ஷெட் ஆகிவிட்டது, படுக்கப் போ" என்பதைக் கேட்டே வளர்ந்தான். வாட்டர்ஷெட் என்றால் ஏதோ கடிகாரத்துக்குள் இருக்கிற பொருள் என்று நினைத்திருந்தானாம். இதையும் அந்த ஒரே சொல்லில் அடைக்க முடியாது என்று நினைக்கிறேன். 'ஒன்பது மணிக் கோடு' என்பேன்.

பழைய அகராதி எழுதியது:

லண்டன் சொன்னதும் கோடுதான் பாருங்கள். பரப்பு எங்கேயும் வரவில்லை.

அச்சுப்பிழை, கடைசியில் என்ன எழுதி அனுப்பினீர்கள்?

அச்சுப்பிழை எழுதியது:

நீர்வகிடு என்று எழுதிப் பார்த்தேன் ஐயா, உண்மையிலேயே. முதல் முறை படிக்கிறவர் தட்டுத் தடுமாறுவார் என்று பட்டது. அடிக்குறிப்பு போடப் பத்திரிகையில் இடம் இல்லை. அதனால் சொல்லை விட்டுவிட்டு வாக்கியத்தைப் பிடித்தேன். "பிரவுன் தீர்ப்புக்கு முன், பிரவுன் தீர்ப்புக்குப் பின் என்று அமெரிக்க வரலாறு அன்றைக்கு இரண்டாகப் பிரிந்தது." அடுத்த பத்தியில் திருப்புமுனை அப்படியே இருக்கிறது. திருத்தக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அச்சுக்குப் போய்விட்டது. நீர்வகிட்டை வேறு ஒரு சந்தர்ப்பத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

கடைசி பெஞ்ச் எழுதியது:

சொல்லுக்கு இவ்வளவு காசு என்றுதானே உங்களுக்குக் கூலி? இரண்டு சொல்லை இத்தனை சொல்லாக நீட்டினால் லாபம்தானே அண்ணே?

அச்சுப்பிழை எழுதியது:

எங்கே தம்பி. மூலத்தில் இருக்கிற சொல்லைத்தான் எண்ணுவார்கள். வாட்டர்ஷெட் ஒன்று, மொமென்ட் ஒன்று. இரண்டுக்குத்தான் காசு.